அத்தியாயம் 4: ஆறு மணிக்கு முன்பே வரைந்து வையுங்கள்

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று மாலை. பஞ்சமூர்த்திகள் தீப தரிசன மண்டபத்தில் எழுந்தருளியிருப்பார்கள். ஆறு மணிக்குச் சற்று முன்பு அர்த்தநாரீஸ்வரர் ஆடியபடி வெளியே வருவார். அவர் தரிசனம் தருவது ஓரிரு நிமிடம்தான். கொடிமரத்துக்கு முன்னால் அகண்ட தீபம் ஏற்றியதும் 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரை பற்றிக்கொள்ளும். அரோகரா என்று ஊரே ஒரு குரலாகும். கேமராவில் அது விழவில்லை என்றால் அடுத்த கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும்.

காணொளிக்கு எழுதவும் ஸ்டோரிபோர்டு வரையவும் எந்த மென்பொருளை எடுப்பது என்பதை இந்த அத்தியாயத்தில் ஒரே உதாரணத்தை வைத்துச் சொல்கிறேன்: தீபத்தைப் பற்றி 12 நிமிட ஆவணப்படம். திருவண்ணாமலையில் கேமரா தூக்குபவர்கள் பல வகை. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர்கள், பௌர்ணமி கிரிவலத்தை யூடியூபில் போடுபவர்கள், குறும்பட ஆசையோடு வரும் கல்லூரிப் பிள்ளைகள், ஆசிரமங்களுக்காகப் படம் செய்பவர்கள். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி.

"எந்த சாஃப்ட்வேர் சார் நல்லது?"

"உன் படத்துல எந்த நிமிஷத்த மறுபடி எடுக்க முடியாது தம்பி? அத மொதல்ல சொல்லு."

பதில் வந்த பிறகுதான் மென்பொருளின் பெயரைச் சொல்வேன்.

வேலையின் பாரம் எங்கே விழுகிறது

வசனம் நிறைந்த குறும்படத்தில் எதையும் மறுபடி எடுக்கலாம். நடிகர் தடுமாறினால் இன்னொரு டேக். அங்கே பாரம் எழுத்தின் மேல் விழுகிறது. பத்துத் தடவையாவது திருத்தி எழுத வேண்டியிருக்கும். காட்சிகளை முன்பின்னாக மாற்ற, பழைய வரைவைப் பத்திரமாக வைக்க, ஒரு பாத்திரத்தின் வசனத்தை மட்டும் தனியே பிரித்து நடிகரிடம் கொடுக்க உதவும் திரைக்கதை மென்பொருளுக்கு அங்கே செலவு செய்யலாம்.

தீபம் அப்படியல்ல. எழுத வேண்டியது கொஞ்சம்தான். எந்தக் கேமரா எந்த நிமிடத்தில் எங்கே, எந்த லென்ஸோடு நிற்கிறது என்பதில்தான் படம் இருக்கிறது. அதற்கு வேண்டியவை ஷாட் பட்டியலும் ஸ்டோரிபோர்டும். எழுத்துக்குச் சாதாரண அட்டவணை போதும்.

நம்முடைய 12 நிமிடத்தைப் பிரித்துப் பாருங்கள். அதிகாலைப் பரணி தீபம், அர்த்தநாரீஸ்வரர், மலையுச்சியின் மகாதீபம் எல்லாம் சேர்ந்து 4 நிமிடம், திரும்ப வராதவை. பேட்டிகள் 5 நிமிடம்; ஆள் கிடைத்தால் இன்னொரு நாள் எடுக்கலாம். பின்னணிக் குரல் 3 நிமிடம். கடைசி நாள் வரை திருத்தலாம். மூன்றுக்கும் ஒரே மென்பொருள் வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. அந்த 4 நிமிடத்தை வரைந்து வையுங்கள், அந்த 3 நிமிடத்தை எழுதி வையுங்கள். பேட்டியை முன்கூட்டியே எழுதாதீர்கள். கேள்விகளை மட்டும் குறித்துக்கொண்டு போங்கள். மலை ஏறி நெய் சுமக்கும் மனிதரை, நீங்கள் எழுதி வைத்த வாக்கியத்தைச் சொல்ல வைத்தால் அவர் முகம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் தேர்வு தமிழில்

மென்பொருளின் விளம்பரப் பக்கத்தைப் படிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பத்து நிமிடம் ஆகும். கீழே உள்ள சொற்களை அதில் அடித்துப் பாருங்கள்:

அருணாசலேஸ்வரர், கொப்பரை, பௌர்ணமி, ஸ்ரீ ரமணாசிரமம், தீபோற்சவம், அக்ஷரமணமாலை.

திரையில் சரியாகத் தெரிவது முதல் படி. கொப்பரையின் கொம்பும் காலும் ககரத்தின் இருபுறமும் ஒட்டி நிற்கின்றனவா? புள்ளி எழுத்தின் தலைமேல் இருக்கிறதா, பக்கத்தில் வட்டமாக விலகிக் கிடக்கிறதா? பிறகு கோப்பைச் சேமித்து மூடித் திறங்கள். அடுத்ததாகப் பி.டி.எஃப். ஆக வெளியே எடுத்து, அதை வேறொருவர் கைப்பேசியில் திறங்கள். பெரும்பாலான மென்பொருள்கள் தோற்பது இந்த இடத்தில்தான். எழுதும் திரையில் அழகாக இருந்த தமிழ், பி.டி.எஃப்.பில் வெறும் கட்டங்களாகவோ கொம்பு இடம் மாறியோ வரும். உதவி இயக்குநர்கள் கையில் போகப்போவது அந்தப் பி.டி.எஃப்.தான், உங்கள் திரை அல்ல.

கடைசிப் படி, தேடல். பௌர்ணமி என்று தேடினால் எல்லாப் பௌர்ணமியும் கிடைக்கிறதா? ஔகாரக் குறியைச் சரியான விசையில் அடிக்காமல், எகரக் கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியே அடிப்பவர்கள் ஏராளம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு. ஸ்ரீயிலும் இதே சிக்கல். யூனிகோடில் அதை எழுத இரண்டு வரிசைகள் புழக்கத்தில் உள்ளன: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. திரையில் ஒரே வடிவம்; ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. இருவர் சேர்ந்து எழுதும்போது இது பெரிய தலைவலி. எந்த விசைப்பலகை, எந்த ஸ்ரீ என்று முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள் என்பது என் பரிந்துரை. உயிர் ஒரு கை, மெய் ஒரு கை என்று பிரித்த அமைப்பு. நீண்ட பக்கங்களை எழுதும்போது கை வலிக்காது.

பழைய எழுத்துருக்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. இருந்தும் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடிக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. ஒருமுறை வெளியூர் ஸ்டுடியோ ஒன்று பின்னணிக் குரலுக்கான எழுத்தைப் பாமினியில் அடித்து அனுப்பியது. என் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் திறந்தபோது வந்தவை பொருளற்ற ஆங்கில எழுத்துகள். குரல் கொடுப்பவர் ஒலிப்பதிவு அறையில் காத்திருக்க, ஆறு பக்கத்தையும் தொலைபேசியில் கேட்டுத் திரும்ப அடித்தோம். அறை வாடகை ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, யூனிகோடில் இல்லாத எதையும் நான் வாங்குவதில்லை.

எழுதும் பெட்டிகள்

தமிழ்த் திரையுலகுக்குத் திரைக்கதை மென்பொருள் புதிதல்ல. தேவர் மகன் (1992) திரைக்கதையைக் கமல்ஹாசன் மூவி மேஜிக் மென்பொருளில் எழுதினார். ஹாலிவுட்டில் பரவலாகப் புழங்கும் ஃபைனல் டிராஃப்டில் யூனிகோட் ஆதரவு வந்தது 2018இல், 11ஆம் பதிப்பில்தான். அதற்கு முன் அதில் எழுதப் பழகிய பலர் தமிழ் வசனத்தை ஆங்கில எழுத்தில் அடித்தார்கள். அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. அதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். வட ஆர்க்காட்டுப் பேச்சின் நெளிவு ஆங்கில எழுத்தில் நிற்காது. மரம், மறம் இரண்டும் ஒன்றாகிவிடும். நடிகர் எதை வாசிப்பார்?

இந்தியாவிலேயே உருவான ஸ்கிரைட் என்ற மென்பொருளை முதலில் பாருங்கள். பெங்களூரின் டெரிஃப்ளிக்ஸ் நிறுவனம் செய்தது. தமிழ் உட்பட இந்திய மொழிகளை மனத்தில் வைத்தே கட்டப்பட்டது. ஒரே கோப்பில் வசனம் ஒரு மொழியிலும் காட்சி விவரிப்பு இன்னொரு மொழியிலும் இருக்கலாம். காட்சிகளை அட்டைகளாக ஒரு பரப்பில் பரப்பி இடம் மாற்றிப் பார்க்கும் வசதி இதன் பெரிய பலம். கதை டிஸ்கஷனில் சுவரில் சீட்டு ஒட்டிப் பழகியவர்களுக்கு அது உடனே பிடிபடும். குறும்படம் எழுதப்போகும் மாணவருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இது.

இணையத்தில் இயங்கும் செல்டெக்ஸ், ரைட்டர்டூயட் போன்றவை இருவர் மூவர் சேர்ந்து எழுத ஏற்றவை. ஆனால் சந்தா முடிந்தபின் உங்கள் எழுத்தை எந்த வடிவில் வெளியே எடுக்கலாம் என்பதைச் சேரும் முன்பே பார்த்துவிடுங்கள். எழுதியது உங்களுடையது, அதைத் திறக்க மாதாமாதம் கப்பம் கட்டும் நிலை வரக்கூடாது.

அந்தக் கவலையே இல்லாத ஒரு வழி ஃபவுண்டன். இது மென்பொருள் அல்ல, எழுதும் முறை. ஜான் ஆகஸ்ட், ஸ்டு மாஷ்விட்ஸ் முதலானோர் 2012இல் வெளியிட்டது. நோட்பேடு போன்ற எந்த எளிய செயலியிலும் எழுதலாம்; திரைக்கதை மென்பொருள்கள் பல அதை அப்படியே படித்துப் பக்கம் அமைத்துக் கொடுக்கும். இதில் தமிழருக்கு ஒரு நுட்பம் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு வரியை முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்தால் அது பாத்திரத்தின் பெயர் என்று ஃபவுண்டன் புரிந்துகொள்ளும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் கிடையாது. அதனால் பெயருக்கு முன்னால் @ குறி போட வேண்டும். காட்சித் தலைப்புக்கு முன்னால் ஒரு புள்ளி. இப்படி:

.கிரிவலப் பாதை, நிருதி லிங்கம் அருகே – இரவு

ஈரமான தார்ச்சாலை. வெறுங்கால்கள் நடக்கின்றன.

@பூக்காரம்மா
அரை மொழம் வாங்கிட்டுப் போ கண்ணு. ஈசான்யம் வரைக்கும் வாடாது.

இந்த இரண்டு குறிகள் தெரியாமல் ஃபவுண்டனில் தமிழ் எழுதி, வசனமெல்லாம் விவரிப்பாக மாறி வந்ததைப் பார்த்து வெறுத்துப்போனவர்கள் உண்டு.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கை மறந்துவிடுங்கள். அது கூரியர் என்ற ஆங்கில எழுத்துருவில், 12 புள்ளி அளவில், எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் நிற்பதால் பிறந்த கணக்கு. தமிழில் டகரமும் ணௌவும் ஒரே இடத்தையா அடைக்கின்றன? கைப்பேசியின் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு வாய்விட்டு வாசியுங்கள். வேறு குறுக்கு வழி இல்லை. நிதானமான பின்னணிக் குரலில் நிமிடத்துக்கு 90 முதல் 100 தமிழ்ச் சொற்கள் என்பது என் வாய்க்குப் பொருந்தும் அளவு. ஆகவே நம் 3 நிமிடக் குரலுக்கு 300 சொல்லைத் தாண்டி நான் எழுத மாட்டேன்.

ஆவணப்படத்துக்கு இரண்டு பத்தி அட்டவணையே போதும் என்றேன் அல்லவா? கோடம்பாக்கத்தில் தாளை நடுவே பிரித்து, இடப்பக்கம் காட்சியையும் வலப்பக்கம் வசனத்தையும் எழுதும் வழக்கம் பழையது. அதையே கூகுள் டாக்ஸிலோ லிப்ரே ஆஃபீஸிலோ போடுங்கள். இடப்பக்கம் கண்ணுக்கு, வலப்பக்கம் காதுக்கு. இரண்டும் இலவசம், இரண்டிலும் தமிழ் உடையாது. கூகுள் டாக்ஸில் தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றும் வசதியும் இருக்கிறது. எழுத்தாளர் பவா செல்லதுரை கையில் தாளில்லாமல் மணிக்கணக்கில் கதை சொல்லும் ஊர் இது. பேசினால்தான் சிந்தனை ஓடும் என்பவர்கள் பேசியே எழுதட்டும். பிழை திருத்தத்துக்கு அரை நாள் ஒதுக்கினால் சரி.

வரையும் பெட்டிகள்

வரையத் தெரியாதே என்று தயங்குபவர்களைச் செங்கத்துக்கு அனுப்ப ஆசை. திருவண்ணாமலையிலிருந்து கிருஷ்ணகிரி போகும் சாலையில் இருக்கிறது. அங்கே வேணுகோபால பார்த்தசாரதி கோயிலின் மண்டபக் கூரையில் நாயக்கர் கால ராமாயண ஓவியங்கள் உள்ளன. நீண்ட பட்டைகள், பட்டைக்குள் அடுத்தடுத்த நிகழ்ச்சிகள், கூடவே தெலுங்கில் விளக்க வரிகள். கழுத்தை நிமிர்த்தி வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தால் கதை நகரும். யார், எங்கே, எந்தப் பக்கம் பார்க்கிறார், அடுத்து என்ன என்பதை ஒவ்வொரு சித்திரமும் சொல்லிவிடுகிறது. ஸ்டோரிபோர்டின் வேலை முழுவதும் அதுதான்.

சத்யஜித் ராய் பதேர் பாஞ்சாலிக்கு (1955) முழு வசனப் பிரதி எழுதாமல், காட்சிகளை மையில் சித்திரங்களாக வரைந்துகொண்டார். அவை பிறகு பாரிஸின் திரைப்படக் காப்பகத்துக்குப் போயின. அடுத்த படங்களுக்கு அவர் பயன்படுத்தியது மளிகைக் கடைக்காரர்கள் கணக்கெழுதும் சிவப்புத் துணி அட்டை நோட்டு. அது மாதிரி நோட்டு நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கும். கையில் பென்சிலோடு வேகமாக யோசிப்பவர் என்றால் மென்பொருளே வேண்டாம். வரைந்து கைப்பேசியில் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்புங்கள்.

கணினியில் வரைய விரும்பினால் ஒண்டர் யூனிட்டின் ஸ்டோரிபோர்டரைப் பரிந்துரைக்கிறேன். இலவசம். ஃபவுண்டனில் எழுதியதை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை நொடி என்று குறித்து, எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கலாம். தீபக் காட்சியை இப்படி ஓட்டிப் பார்த்தபோதுதான், அர்த்தநாரீஸ்வரரிலிருந்து மலைக்குக் கேமராவைத் திருப்ப நான் ஒதுக்கியிருந்த நேரம் போதாது என்று தெரிந்தது. ஒரே கேமரா திட்டம் இரண்டு கேமரா திட்டமானது. அந்த ஒரு மாற்றம் படத்தைக் காப்பாற்றியது. முப்பரிமாணப் பொம்மைகளை நிறுத்திக் கோணம் பார்க்கும் வசதியும் அதில் உண்டு. மனித உருவம் வரைய வராதவர்களுக்கு உதவும்.

நன்றாக வரைபவர்கள் கிரிட்டாவுக்குப் போகலாம். அதுவும் இலவசம், 2021 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து ஸ்டோரிபோர்டுக்கென்றே தனிப் பலகம் இருக்கிறது. டூன் பூமின் ஸ்டோரிபோர்டு புரோ அனிமேஷன் நிறுவனங்களுக்கு. 12 நிமிட ஆவணப்படத்துக்கு அவ்வளவு விலை தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்த முறை வேறு. தீபத்துக்கு ஒரு மாதம் முன்பு கைப்பேசியோடு கிரிவலம் போங்கள். 14 கிலோமீட்டர், இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கம். நடக்க நடக்க மலை உருமாறிக்கொண்டே வரும். ஆதி அண்ணாமலைப் பக்கம் பார்க்கும் மலை, கிழக்கு ராஜகோபுரத்துக்கு எதிரே நின்று பார்க்கும் மலையாக இருக்காது. நிற்கத் தோன்றும் இடத்திலெல்லாம், படம் எடுக்கப்போகும் உயரத்திலிருந்து ஒரு புகைப்படம். கந்தாசிரமம் ஏறும் வழியில் கோயில் முழுவதும் கீழே விரியும் இடத்தையும் விடாதீர்கள். வீட்டுக்கு வந்து கூகுள் ஸ்லைட்ஸிலோ லிப்ரே ஆஃபீஸ் இம்ப்ரஸிலோ ஒரு பக்கத்துக்கு ஒரு படம் வைத்து, அடியில் ஷாட், லென்ஸ், நேரம், ஒலி என்று நான்கு வரி எழுதினால் ஸ்டோரிபோர்டு தயார்.

செயற்கை நுண்ணறிவிடம் திருவண்ணாமலை தீபம் என்று சொல்லிப் படம் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். மனநிலையைக் காட்ட அது உதவலாம். இடத்தைத் திட்டமிட உதவாது. அது தரும் படத்தில் 11 நிலைக் கோபுரத்தின் நிலைகளை எண்ணிப் பாருங்கள். மலை கோபுரத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். இல்லாத இடத்தில் கேமராவை நிறுத்தத் திட்டம் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

எந்த மென்பொருளாக இருந்தாலும் முதல் கட்டம் வரையும் முன் சட்டகத்தின் விகிதத்தை முடிவு செய்யுங்கள். 217 அடி ராஜகோபுரம் கைப்பேசியின் 9:16 நெடுக்குச் சட்டத்தில் கம்பீரமாக நிற்கும். மலையும் கூட்டமும் 16:9 கிடைச்சட்டத்தைக் கேட்கும். ரீல்ஸுக்கும் ஆவணப்படத்துக்கும் ஒரே ஷாட்டை வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் இரண்டிலும் பாதி மலைதான் மிஞ்சும்.

அன்றைக்குக் கையில் இருக்க வேண்டியது

தீபத்தன்று லட்சக்கணக்கானவர்கள் ஒரே ஊரில். கைப்பேசி சிக்னல் கிடைக்கும் என்று நம்பி இணையத்தில் மட்டும் ஸ்டோரிபோர்டை வைத்திருக்காதீர்கள். பி.டி.எஃப். எல்லார் கைப்பேசியிலும் இறங்கியிருக்கட்டும். அதற்கும் மேலாக, அச்சடித்த தாள் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கட்டும்.

கோயிலுக்குள் படம் எடுக்கக் கோயில் நிர்வாகத்தின் அனுமதி தேவை, டிரோனுக்குக் காவல்துறையின் அனுமதி. இவை கிடைக்காமலும் போகலாம். ஆகவே ஒவ்வொரு முக்கியமான கட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு மாற்றுக் கட்டம் வரையுங்கள். 2024 டிசம்பர் 1 அன்று மலையடிவாரத்தில் மண்சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். டிசம்பர் 13 மகாதீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. உச்சியிலிருந்து எடுக்கும் ஷாட்டை நம்பி மட்டும் திட்டம் போட்டிருந்தால் அந்த ஆண்டு படமே இல்லை. கீழிருந்து எடுக்கும் மாற்றை ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தவர் தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பியிருப்பார்.

வெளிச்சத்தையும் கட்டத்தில் குறியுங்கள். கார்த்திகையில் ஆறு மணிக்குச் சூரியன் அடங்கிச் சில நிமிடங்களே ஆகியிருக்கும். வானத்தில் நீலம் மிச்சமிருக்க, மலை கருத்து நிற்கும். தீபம் பற்றும் அந்தக் கணம் வரை உச்சியில் கேமரா பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. தானியங்கி ஃபோகஸ் தேடித் தடுமாறும். பகல் வெளிச்சத்திலேயே உச்சியின் விளிம்பில் ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிட வேண்டும். என் தாளில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. 5.10 மணி என்று நேரம் போட்டு, வெறும் மலை விளிம்பை ஒரு கோடாக வரைந்து, அதன் கீழே எழுதியிருப்பேன்: ஃபோகஸைப் பூட்டு, டேப் ஒட்டு, பிறகு யாரும் லென்ஸைத் தொட வேண்டாம்.